ராஜாமணியக்கா பதிந்து வைத்த பெயர்கள்

ராஜாமணியக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில் கல்யாணத் தரகு. கம்பைநல்லூரில் என் செல்போன் கடைக்கு வந்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா வாய் சும்மா இருக்காது கண்ணு. என் தொழிலுக்கு வாய் சும்மா இருக்கணும்" என்பாள். தரகுக்காரி வாயை மூடிக்கொண்டு எப்படிப் பிழைப்பாள் என்று நான் கேட்டிருக்கிறேன். பேசுவது எவளுக்கும் வரும், பேசக் கூடாததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்றாள். இருபத்தேழு வருஷமாக அப்படி வைத்துக்கொண்டிருந்தவள். அவள் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் போன ஆவணியில் தெருவில் கொட்டியது. கொட்டிவிட்டது என் கை.

அக்காவின் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. ஒரு சம்பந்தத்துக்கு நான்கு நடை நடப்பாள். முதல் நடை ஜாதகம் கொடுக்க. இரண்டாவது நடை பெண் பார்க்க. மூன்றாவது நடைக்கு யாரையும் கூட்டிக்கொள்ள மாட்டாள். தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு என்ன குறை உண்டோ அதை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுவாள். மாப்பிள்ளைக்குக் குறை என்றால் பெண்ணின் அம்மாவிடம். அதைக் கேட்டுக்கொண்டு சரி என்றால்தான் நான்காவது நடை, கை நனைப்பது. எங்கள் பக்கம் பெண் வீட்டில் சோறு தின்று கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதுவரை வெறும் காபியோடு எழுந்துவிடுவார்கள்.

"மொத நடையிலயே சொல்லிட வேண்டியதுதானக்கா, எதுக்கு இத்தன அலைச்சல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொதல்லயே சொன்னா அந்தக் கொறதான் கண்ணுக்குத் தெரியும், பொண்ணு தெரியாது. பொண்ணப் பாத்துப் பேசிட்டு அப்பறம் கேட்டா, நல்ல பொண்ணு, அவளுக்கு இப்படி ஒன்னு இருக்குது, அவ்வளவுதான்."

இத்தனை வீட்டுக் குறையையும் அவள் காகிதத்தில் எழுதியதே இல்லை. எழுதினால் எவள் கண்ணிலாவது படும் என்று பயம். எல்லாம் மனப்பாடம். சர்க்கரை வந்து ஞாபகம் தடுமாற ஆரம்பித்த பிறகுதான் வினை. ஒரு நாள் போன் வந்திருக்கிறது, இன்னார் என்று நினைத்து இன்னொருவரிடம் பேசிவிட்டாள். நல்லவேளை, பெரிதாக எதுவும் வாய் தவறவில்லை. ஆனால் என் கடை வாசலில் நின்று அழுதாள். "இனி எனக்கு இந்தத் தொழில் ஆகாது கண்ணு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெயர் கலைமணி. என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதாக ஊருக்குத் தெரியும். கடையை நான்தான் பார்க்கிறேன். என் கல்யாணத்தை முடித்து வைத்தவளே அக்காதான், அந்தப் பாசமும் உண்டு. அவள் போனை வாங்கி, பெயரோடு சேர்த்துக் குறிப்பையும் பதிந்து வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். மைக் படத்தை அழுத்திப் பேசினால் போனே தமிழில் எழுதிக்கொள்ளும். போன் அடித்தால் திரையில் ஆளும் தெரியும், விஷயமும் தெரியும். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு போனுக்குள் குசுகுசு என்று சொல்வாள். 'மாப்ள குடி', 'ரெண்டாந்தாரம்', 'நெலம் கேசுல', இப்படி. போனுக்கு நம்பர் பூட்டும் போட்டுக் கொடுத்தேன். பூட்டைத் திறக்க அவள் ஒருத்தியால்தான் முடியும்.

அடுத்த தொல்லை விளம்பரக் கால். பிளாட் வேண்டுமா, லோன் வேண்டுமா என்று பகலெல்லாம் அடிக்கும். பார்ட்டி கூப்பிடுகிறார்கள் என்று பஸ்ஸை விட்டு இறங்கி எடுப்பாள், இன்சூரன்ஸ்காரப் பெண் பேசும். ஒரு நாள் கடையில் நின்று முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலமே அவள் போனில் முட்டி வலிக்கு எண்ணெய் என்று விளம்பரம் வந்துவிட்டது. "இது ஒட்டுக் கேக்குதா கண்ணு?" என்று முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

நான் சிரித்தேன். "ஆமாக்கா, உன் முட்டியப் பத்தி அமெரிக்காவுல ராத்தூக்கம் இல்லாம கவலப்படறாங்க" என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"யாரு கூப்படறாங்கன்னு முன்னாடியே தெரியற மாதிரி ஏதாச்சும் போட்டுக் குடு" என்று அவள் கேட்டது மாசி மாதம். அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது, எல்லாரும் வைத்திருந்தார்கள், நானும் வைத்திருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தாலும் யார் என்று பெயர் காட்டும். இலவசம். இறக்கினேன். 'உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டது. அனுமதி. அடுத்தது கேட்டது, அனுமதி. அடுத்ததுக்கும் அனுமதி. ஒரு நாளைக்கு இருநூறு தடவை இந்தப் பொத்தானை அழுத்துகிறவள் நான், வாசித்தா அழுத்துவேன்? அந்த வருஷம் எல்லாமே சுலபமாகிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கேஸ் புக் செய்வது சுலபம், கரண்ட் பில் சுலபம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் மகளின் பிளசி டீச்சர்கூட, "படிவத்துல அப்பா கையெழுத்து வேணாம்மா, நீங்களே போட்டுடுங்க" என்றார். காலம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அக்கா கையில் எடுத்தது சசிகலாவின் சம்பந்தம். பென்னாகரம் பக்கத்து மாதேஸ்வரனின் ஒரே மகள், இருபத்தைந்து வயது, மருந்துக் கடையில் வேலை. பதினாலு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிட்டு, கடைசி ஆறு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையால் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது ஊதிவிடுகிறார்கள் என்று மாதேஸ்வரனுக்குச் சந்தேகம். கல்யாணப் பேச்சுக்கென்றே புதிதாக ஒரு சிம் வாங்கி, பட்டன் போனில் போட்டுக்கொண்டார். அந்த நம்பரை முதலில் கொடுத்தது அக்காவிடம் மட்டும்.

மாப்பிள்ளை அரூர். பெயர் தமிழ்ச்செல்வன், பால் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் அம்மா ஜானகியம்மாள் பேச்சில் கறார், ஆனால் நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பெண் பார்த்தார்கள். பையனும் பெண்ணும் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று பத்து நிமிஷம் பேசினார்கள், வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. பிடித்துவிட்டது என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. புதன்கிழமை மூன்றாம் நடை போய் ஜானகியம்மாளிடம் சொல்லிவிடுவது என்று அக்கா முடிவு செய்துகொண்டாள்.

புதன்கிழமை வரை விஷயம் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்த அக்கா நேராக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஜானகியம்மா கூப்டாங்க. பொண்ணுக்கு வலிப்பாமேங்கறாங்க. யாருங்க சொன்னதுன்னேன். அவங்கப்பா கூப்டப்ப போன்லயே எழுதி வந்துச்சுங்கறாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல கண்ணு."

எனக்கும் விளங்கவில்லை. மாதேஸ்வரன் நம்பரைச் சொல்லச் சொல்லி, என் போனில் அந்த ஆப்பைத் திறந்து அடித்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் வந்தது.

'பென்னாகரம் மாதேஸ்வரன் பொண்ணு வலிப்பு மூணாம் நட.'

அதற்குக் கீழே கல்யாண மண்டபத்துக்கு ஒரு விளம்பரம், இப்போதே பதிவு செய்தால் தள்ளுபடியாம். அந்த எழுத்து அக்கா பஸ்ஸில் குசுகுசுவென்று சொன்ன எழுத்து. 'மூணாம் நட' என்று உலகத்தில் வேறு எவள் எழுதுவாள்?

"இது என் போன்ல நான் போட்டதாச்சே. உன் போன்ல எப்படி வருது?" என்றாள். இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்துப் பூட்டிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். "இது எங்கிட்டதான் இருக்குது. பூட்டித்தான் இருக்குது. அப்பறம் எப்படிப் போச்சு?"

"போன் இங்கதான்க்கா இருக்குது. உள்ள போடற பேரெல்லாம் மாசியிலருந்தே போயிட்டிருக்குது. நீ போட்டு வெச்ச பேர எடுத்துத்தான் அவன் ஊருக்கெல்லாம் காட்டறான்."

"யாரக் கேட்டு எடுத்தான்?"

"ஆப்பு கேட்டுச்சு. நான் சரின்னு அழுத்திட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. "எல்லாமா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாமா என்று பார்த்தோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குறிப்போடு பதிந்த நம்பர்களை அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பழைய நம்பர்களுக்கு, நிறைய பேர் நிறைய விதமாகப் பதிந்திருப்பதால், பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் வந்தது. மற்றவர்களிடம் அதிகம் இல்லாத நம்பர்கள்தான் காட்டிக்கொடுத்தன. நாற்பத்திரண்டில் பதினொன்று. ஒரு வாத்தியார் பெயரோடு 'குடி' வந்தது. ஒரு விதவைப் பெண்ணின் பெயரோடு நான் இங்கே எழுதவும் கூசுகிற ஒன்று வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அக்கா "அய்யோ" என்றாள், சத்தம் வராமல். நடுவில் ஒரு நம்பரை மட்டும் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அந்தப் பதற்றத்தில் நான் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் போனிலிருந்து ஆப்பை எடுத்துப் பார்த்தேன். பெயர் போகவில்லை. குறிப்புகளையும் அழித்துப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. கம்பெனியைக் கூப்பிட்டு நான்கு வார்த்தை கேட்கலாம் என்று அவர்கள் நம்பரைத் தேடினேன். ஊரில் இருக்கிற அத்தனை நம்பருக்கும் பெயர் வைத்திருக்கிறவனுக்கு, கூப்பிட ஒரு நம்பர் இல்லை! ஒரு படிவம்தான் இருந்தது. அதையும் அந்தந்த நம்பருக்குச் சொந்தக்காரரே நிரப்ப வேண்டும், அவர் போனுக்கு ஓடிபி வரும். அதாவது, பதினொரு வீட்டுக்கும் போய், உங்களைப் பற்றி நான் இப்படி எழுதி வைத்திருந்தேன், அது வெளியே போய்விட்டது என்று அக்காவே சொல்ல வேண்டும்.

"மொதல்ல அரூருக்குப் போலாம்" என்று எழுந்தாள். என் ஸ்கூட்டியில்தான் போனோம்.

ஜானகியம்மாள் காபி கொடுத்தார். நடந்ததைச் சொன்னார். பெண் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது தமிழ்ச்செல்வன்தான் கார் ஓட்டியிருக்கிறான், வழி பார்க்க போனை முன்னால் மாட்டியிருந்தான். அதிலும் அந்த ஆப் இருந்திருக்கிறது. தர்மபுரி தாண்டும்போது மாதேஸ்வரன் கூப்பிட்டிருக்கிறார். அக்கா அன்றைக்குத்தான் பையன் நம்பரை அவருக்குக் கொடுத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் வீடு போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்பது மரியாதை இல்லையா, அதற்குத்தான் கூப்பிட்டார் பாவம். காரில் இருந்த ஐந்து பேரும் திரையைப் படித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து நின்றிருக்கிறது.

"மூணாம் நடைன்னா என்னாங்க? மூணு தடவ எங்கள நடக்க வெச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தீங்களா?" என்று ஜானகியம்மாள் கேட்டார்.

"நீங்க நடக்கறதில்லீங்க, நான் நடக்கறது. கை நனைக்கறதுக்கு முந்தி வந்து சொல்றதுக்குத்தான் அப்படிப் போட்டேன். இதாங்க அந்த நட. இன்னிக்கு வந்திருக்கேன்" என்ற அக்கா, ஆறு வருஷக் கதையையும் மாத்திரைக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஜானகியம்மாள் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"என் தங்கச்சிக்கே சின்ன வயசுல வலிப்பு வந்துச்சுங்க. இன்னிக்கு ரெண்டு பிள்ளைங்களப் பெத்து நல்லாத்தான் இருக்கா. நீங்க தனியா வந்து எங்கிட்டச் சொல்லியிருந்தா, நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். காருல என் நாத்தனாரும் அவ மருமவளும் இருந்தாங்க. நேத்தே சொந்தம் பூரா தெரிஞ்சு போச்சு. இனிமே அந்தப் பொண்ணு இந்த வூட்டுக்கு வந்தா, வெறும் தலவலின்னு படுத்தாக்கூட நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாமுங்க."

அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். சரியென்று சொல்லியிருப்பேன் என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடக்க இருந்த கல்யாணம் அது.

புதன்கிழமை மாதேஸ்வரனும் சசிகலாவும் கடைக்கு வந்தார்கள். அக்கா முந்தின நாளே அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மாதேஸ்வரன் கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை, தன் பட்டன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதாங்க புது நம்பர் வாங்குனேன்" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். பழைய நம்பரிலிருந்து கூப்பிட்டிருந்தால் வெறும் மாதேஸ்வரன் என்று வந்திருக்கும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சசிகலா என் போனை வாங்கித் தன் அப்பா பெயரை வாசித்தாள். கீழே அந்த மண்டப விளம்பரம் இன்னும் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள்.

"வலிப்புன்னு போட்டிருக்கீங்களே, ஆறு வருஷமா வரலைன்னு போடலையாங்க?"

"எனக்கு மட்டும்னு நெனச்சுப் போட்டது கண்ணு. மீதி எனக்கு ஞாபகம் இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா. பிறகு எங்கள் எல்லார் முன்னாலும் அழுதாள். சசிகலாதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஓடிபி வந்தது, போட்டோம். இருபத்துநாலு மணி நேரத்தில் பெயர் நீங்கும் என்று கம்பெனிக்காரன் நன்றி சொன்னான். அரூரில் அந்தக் காரில் படித்தவர்கள் தலையிலிருந்து நீக்க அவனிடம் படிவம் இல்லை.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகும் அக்கா போகவில்லை. மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு நம்பர் இருக்குது கண்ணு. அன்னிக்குத் தள்ளி விட்டேனே, அது உன்னுது."

"கடை நம்பரா?"

"கடை நம்பர் இல்ல. உங்கூட்டு நம்பரு."

வீட்டுப் போன் ஒரு பட்டன் போன். அந்த நம்பர் என் அம்மாவிடமும் அக்காவிடமும் மகளின் பள்ளிக்கூடத்திலும் தவிர யாரிடமும் கிடையாது. அடித்துப் பார்த்தேன்.

'கலைமணி புருஷன் ஓசூர்ல வேற குடும்பம்.'

நான்கு வருஷமாயிற்று. அவர் மாதம் ஒரு முறை வருகிறார், நீங்கள் பார்க்கவில்லை, காலை பஸ்ஸுக்கே போய்விட்டார் என்று இந்த ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பண்டிகைக்குப் பண்டிகை ஒரு ஆம்பிளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தவள் அக்கா ஒருத்தி. ஓசூருக்கு இரண்டு நடை போய், அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்தவள்.

"இத எதுக்குக்கா எழுதுன?"

"நல்ல எடமா ஏதாச்சும் வந்தா, உனக்கும் ஒன்னு பாக்கலாம்னுதான் கண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் எழுதினாள், நான் அழுத்தினேன், எவனோ எடுத்துக்கொண்டான். திடீரென்று பிளசி டீச்சர் ஞாபகம் வந்தது. வீட்டு நம்பரிலிருந்துதான் அவரைக் கூப்பிடுவேன், அவர் திரையிலும் இதுதான் வந்திருக்கும். அப்பா கையெழுத்து வேண்டாம்மா என்று அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னாரே. விதி மாறிவிட்டது என்றல்லவா நான் நினைத்தேன். ஜூனிலிருந்து அவருக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் "அவர் இந்த வாரம் நைட் ஷிஃப்ட் டீச்சர்" என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னபோதும் தெரியும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

படிவத்தைத் திறந்தேன். 'இந்தப் பெயர் சரியானதா?' என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வியை முழுதாக வாசித்தேன். பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று அழுத்தினேன். ஊரிடம் சொல்லி வந்த பொய்யை அந்தக் கம்பெனியிடமும் சொன்னேன்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. 'அப்படியானால் சரியான பெயர் என்ன? மற்றவர்களுக்கு உதவுங்கள்.'